தலை அறுத்த தூண்கள்

சில மாதங்களுக்கு முன்னர் பெரியம்மாவைக் கண் காட்டுவதற்காகக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மத்தியானம் சாப்பிடப் போன கடையின் நடுக்கூடத்தில் நான்கு பழைய மரத்தூண்கள் நின்றன. யாழ்ப்பாணத்துத் தூண்கள்தான், பார்த்தவுடனேயே தெரிந்தது. வார்னிஷ் பூசி, கீழேயிருந்து மஞ்சள் வெளிச்சம் அடித்து, நல்ல வடிவாகத்தான் வைத்திருந்தார்கள். பெரியம்மா சாப்பாட்டைப் பார்க்கவில்லை, தூண்களின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தா.

"உதுகளுக்குத் தலையைக் காணேல்லையே பிள்ளை" எண்டா.

அந்த நேரம் பார்த்து அடுத்த மேசைச் சின்னப் பெடியன் ஒருத்தன் போய் ஒரு தூணில் சாய்ந்தான். தூண் ஒருக்கா ஆடினது. பரிமாறின தம்பி ஓடிவந்து, "அதுல சாயாதீங்க, மேல சும்மா ஒட்டித்தான் வச்சிருக்கு" என்றான்.

ஒரு தூணை எப்படி மேலே பிடித்து நிறுத்துவது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது. தச்சு வேலைக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அதைத் துருவிக்கொண்டு போனால் எங்கள் வீடுகளின் வரலாறு கொஞ்சம் கையில் தட்டுப்படுகிறது.

பழைய நாற்சார் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முற்றத்தைச் சுற்றி விறாந்தை, விறாந்தையின் விளிம்பில் தூண்கள். ஈரமும் கறையானும் ஏறாமல் இருக்கத் தூணுக்குக் கீழே ஒரு கல். தூணின் உச்சியில் நாக்கு மாதிரி ஒரு துண்டை விட்டுச் செதுக்கியிருப்பார்கள். அந்த நாக்கு மேலே கிடக்கும் போதிகைக் கட்டையின் துளைக்குள் போய் இருக்கும். போதிகைக்கு மேலே வளை, வளைக்கு மேலே கைமரம், பிறகு சிலாகை, ஓடு. நாக்கு செய்கிற வேலை தூணை அங்கே இங்கே விலகாமல் வைத்திருப்பது மட்டும்தான். மிச்சத்தை ஓட்டின் பாரம் பார்த்துக்கொள்ளும். கூரையைத் தூண் தாங்குகிறது என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். கூரைதான் தூணை அமத்திப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னாலும் அது சரிதான்.

இந்த முறையை அதன் உச்சத்தில் பார்க்க வேணுமென்றால் கண்டிப் பக்கம் எம்பெக்க தேவாலயத்துக்குப் போகவேண்டும். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது (1357–1374). கதிர்காமத் தெய்வத்துக்கான கோயில், அதாவது எங்கள் முருகன். அங்குள்ள மேள மண்டபத்தின் மரத்தூண்களில் மல்லர்கள், பால் கொடுக்கும் தாய், பின்னிப் பிணைந்த அன்னங்கள், இரட்டைத் தலைப் பறவை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு உருவம். போகிறவர்கள் எல்லாரும் கண் மட்டத்தில் உள்ள செதுக்கல்களைப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நானும் பாடசாலைச் சுற்றுலாவில் அப்படித்தான் வந்தேன். மேலே பார்க்கவேண்டும். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் தாமரை கவிழ்ந்தது போன்ற கட்டை இருக்கிறது. சிங்களத்தில் அதைப் 'பேக்கட' என்பார்கள். எங்கள் போதிகை இருக்கும் அதே இடம், அதே வேலை. தமிழ்நாட்டு விஜயநகர, நாயக்கர் காலக் கோயில்களில் போதிகையின் நுனியில் தாமரை மொட்டுத் தொங்கும், அதைப் பூமுனை என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தக்காரர் என்று தெரியும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எம்பெக்கவுக்குப் பக்கத்திலிருக்கும் கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் பெயர் கணேஸ்வராச்சாரி. லங்காதிலக விகாரையின் கல்வெட்டு சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. இரண்டுமே 14ஆம் நூற்றாண்டுக்குரியவை.

அதே மண்டபக் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து கூடுகின்றன. அவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு பெரிய மர முளை. 'மடோல் குறுப்பாவ' என்று அதற்குப் பெயர். ஒன்றையொன்று நெருக்கும் பாரமே பிடிமானமாகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொரு விசயம். இந்த மண்டபம் கம்பளையில் கைவிடப்பட்ட அரச சபா மண்டபத்திலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டது என்று ஒரு வழக்குக் கதை உண்டு. அது உண்மையென்றால் எம்பெக்கத் தூண்களும் இடம்பெயர்ந்த தூண்கள்தான். ஆனால் தலையோடு வந்திருக்கின்றன. வந்த இடத்திலும் ஒரு கூரையைச் சுமக்கின்றன.

கொழும்புக் கடைத் தூண்கள் அப்படி இல்லை. அங்கே கொங்கிறீட் கட்டடம் தன்பாட்டில் நிற்கிறது. அதற்குக் கீழே கம்பியில் தொங்குகிற ஜிப்சம் பலகை. தூணின் உயரம் கூடிப்போனதால் உச்சியை வாளால் அறுத்திருக்கிறார்கள். அறுபட்டது அந்த நாக்கும் போதிகையும்தான். மேலே பாரம் இல்லை, ஆகவே பிடியும் இல்லை. ஜிப்சம் பலகையில் எந்தப் பசையைப் போட்டு ஒட்டினாலும் ஒரு பிள்ளை சாய்ந்தால் பலகை சேர்ந்து வரும்.

பாரம் இல்லாத பொருளைக் கட்டடத்தோடு பிணைப்பதற்கு வேறு ஒரு வரலாறு இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் நாங்கள் 'ரோல் பிளக்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது ஒரு ஆளின் பெயர். ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்ற ஆங்கிலேயர். 1911ஆம் ஆண்டளவில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சுவரைப் பழுதாக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்தவேண்டி வந்தது. அதுவரை சுவரை உளியால் கொத்தி, மரக்கட்டையை அடித்து இறுக்கி, அதில்தான் ஆணி அடிப்பார்கள். ரோலிங்ஸ் சணல் நாரையும் மிருக இரத்தத்தையும் சேர்த்து இறுக்கிச் சின்னக் குழாய் செய்தார். அதற்குள் திருகாணி போகப் போகக் குழாய் விரிந்து துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும். 1958இல் ஜேர்மனியின் ஆர்தர் பிஷர் அதை நைலோனில் செய்தார். நெருக்குவதுதான் இங்கேயும் பிடி, ஆனால் நெருக்கத்தைக் கூரையின் பாரம் கொடுக்கவில்லை, திருகாணி கொடுக்கிறது. துளையைச் சுற்றி இருப்பது கல்லோ கொங்கிறீட்டோ என்றால் நிற்கும். மெல்லிய பலகை என்றால் உதிரும்.

பெரியம்மாவின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. வலிகாமத்தில் அவவின் வீட்டு விறாந்தையில் ஆறு தூண்கள் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லாரையும் போல நடந்து போனார்கள். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது ஓடும் இல்லை, கைமரமும் இல்லை. கூரை போன பிறகு தூணைப் பிடிக்க என்ன இருக்கு? இரண்டு பேர் தூக்கினால் கல்லிலிருந்து கழன்று வந்துவிடும். ஐந்து போய்விட்டது. ஒன்று கிணற்றடியில் விழுந்து கிடந்தது. கொழும்புக் கடையில் மேலே பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா எதைத் தேடினா என்று நான் கேட்கவில்லை.

மிஞ்சிய அந்தத் தூணை இப்போது அண்ணா தன் புது வீட்டின் கூடத்தில் நிறுத்தப்போகிறார். மேலே கொங்கிறீட் சிலாப். முதலில் வந்த வேலையாள், "ஒரு அரை அடி அறுத்துப்போட்டு ரெண்டு இரும்பு மூலைத்தகடு அடிப்பம்" என்றான். பெரியம்மா விடவில்லை. ஊரிலிருந்து ஒரு ஓடாவியாரைக் கூப்பிட்டா. அவர் தூணைத் தடவிப் பார்த்து, நாக்கை முழத்துண்டால் அளந்துவிட்டுச் சொன்ன முறை இதுதான்: தூணை வெட்டுறேல்லை. புதுசாக ஒரு போதிகைக் கட்டை செய்து, அதை சிலாப்பில் விரியும் போல்ட்டுகளால் இறுக்குறது. கட்டையில் நாக்குக்குத் துளை. தூணைத் தூக்கி நாக்கைத் துளைக்குள் ஏற்றிப்போட்டு, பிறகு அடியில் பழைய கல்லைத் தள்ளி வைக்கிறது. துளையை நாக்கைவிடக் கொஞ்சம் ஆழமாக எடுக்கவேணும், தூணின் தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளியும் விடவேணும். சிலாப் கொஞ்சம் தாழ்ந்தாலும் தூணை நசுக்காது, வெடிக்கவும் விடாது.

"அப்ப ஒண்டையும் தாங்காதோ?" என்று அண்ணா கேட்டார்.

"தாங்காது தம்பி. ஆனால் பிள்ளையள் சாயலாம்."

புதுப் போதிகைக்கு வேம்பா பலாவா என்பதில் பெரியம்மாவுக்கும் ஓடாவியாருக்கும் இன்னும் இழுபறி. தூண் இப்போதைக்குச் சாக்குச் சுற்றி அண்ணா வீட்டுக் கராஜில் படுத்திருக்கிறது, நாக்கு வெளியே தெரிய.