அரை மணி நேரம் எங்கே போனது? நம்ம ஊர் கடிகாரத்தின் கதை



ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ சொந்தக்காரங்க இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்தப் பேச்சு வரும். "எங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்திட்டாங்க, இனிமே நேரம் பார்த்துக் கூப்பிடுங்க" என்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லைன்னு நாம சிரிச்சுக்குவோம். ஆனால் நம்ம கடிகாரத்தையும் பல தடவை மாத்தியிருக்காங்க. அது இன்னைக்கும் நம்ம பூஜையையும் ஜாதகத்தையும் தொடுது. கோயில் தொண்டர்கள் நாங்கள் கேட்டும் படித்தும் தெரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு அடிப்படை. கோலாலம்பூரில் சூரியனை வச்சு மட்டும் நேரம் கணக்குப் பண்ணினா, காலை 6 மணி வாக்கில் உதயம், பகல் 12 மணி வாக்கில் உச்சி. பூமத்திய ரேகை பக்கம் இருப்பதால் வருஷம் பூரா பகல் நீளம் சுமார் 20 நிமிஷம்தான் கூடும் குறையும். வெள்ளைக்காரன் நாட்டில் கோடையில் பகல் ரொம்ப நீளம், குளிர்காலத்தில் ரொம்பக் குட்டை. அதனால அவங்க கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுறாங்க. நமக்கு அந்தத் தேவையே கிடையாது.

அப்படியிருந்தும் நடந்தது இது:

1905 ஜூன் 1: மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிரீன்விச்சை விட 7 மணி நேரம் முன்னே என்று வச்சாங்க. சூரியன் 6.10 வாக்கில் உதிச்சது.

1933 ஜனவரி 1: 20 நிமிஷம் முன்னே தள்ளினாங்க. பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்தும் திட்டம் என்று பேர். ஆபீஸ் முடிஞ்ச பிறகு வெளியே விளையாட, உலாவ வெளிச்சம் மிஞ்சணும், அதுதான் நோக்கம். கோடைக்கு மட்டும் இல்லை, வருஷம் பூரா. தோட்டத்தில் பால்மரம் வெட்டின நம்ம ஜனத்துக்குச் சாயங்கால விளையாட்டு ஏது? பெரட்டு மணி கடிகாரப்படி அடிச்சா, இருட்டு 20 நிமிஷம் கூடும், அவ்வளவுதான்.

1941 செப்டம்பர் 1: போர் நெருங்கின சமயம், இன்னும் 10 நிமிஷம். ஆக 7.30 ஆனது.

1942 பிப்ரவரி: 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. மறுநாளே தோக்கியோ நேரம். ஒரேயடியா ஒன்றரை மணி நேரம் முன்னே. கடிகாரம் 8 மணி காட்டும்போது இங்கே சூரியன் அப்போதுதான் எழும்பும். சயாம் ரயில் பாதைக்கு நம்ம தோட்டத்து ஆட்களைக் கொண்டு போன காலம் அது. ஊரை ஆள வந்தவன் நேரத்தையும் பிடுங்கிக்கிட்டான்.

1945 செப்டம்பர் 12: ஜப்பான் சிங்கப்பூரில் முறைப்படி சரணடைந்த நாள். மறுபடி 7.30.

1982 ஜனவரி 1: கடைசி மாற்றம். பிரதமர் டாக்டர் மகாதீர் காலத்தில், தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் இருக்கணும்னு அரை மணி நேரம் முன்னே தள்ளி 8 ஆக்கினாங்க. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் மணி 12, புது வருஷம் பிறந்தாச்சு. சிங்கப்பூரும் கூடவே மாறியது.

இப்போ கோலாலம்பூரில் உதயம் சராசரியா 7.10. நவம்பரில் 6.55 வாக்கில், பிப்ரவரியில் கிட்டத்தட்ட 7.30. சூரியன் உச்சிக்கு வருவது 1 மணிக்கு மேலே. சூரியனைப் பார்த்தா, நம்ம கடிகாரம் சராசரியா ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னே ஓடுது.

இதில் நமக்கு என்ன? மூணு விஷயம் இருக்கு.

ஒன்று, ராகு காலம். திங்கள் 7.30 முதல் 9 என்று காலண்டரில் போட்டிருப்பது 6 மணிக்கு உதயம் என்ற கணக்கில். பகலை எட்டாகப் பிரிச்சு அதில் ஒரு பங்குதான் ராகு காலம். இங்கே உதயம் 7.10 என்றால் திங்கள் ராகு காலம் சுமார் 8.40 முதல் 10.10. செவ்வாய்க்கிழமை 3 மணிக்கு துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போட, வேலையிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்து ஓடி வரும் பெண்களைப் பார்க்கிறோம். உதயக் கணக்குப்படி இங்கே அந்த நேரம் சுமார் 4.10 முதல் 5.40. ஷிப்ட் முடிஞ்சு நிதானமா வரலாம்மா! எந்தக் கோயிலில் எந்த வழக்கமோ, அங்கே உள்ள குருக்கள் ஐயாவைக் கேட்டு நடங்க. சண்டை மட்டும் வேண்டாம்.

இரண்டு, திதியும் நட்சத்திரமும். இது உதயத்தைப் பொறுத்தது இல்லை. உலகம் பூரா ஒரே கணத்தில் மாறுவது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் பௌர்ணமி இரவு 8 மணி வரை என்றால் இங்கே 10.30 வரை. 2½ மணி நேரம் கூட்டணும். பெரியவங்க சிலர் "2 மணிதான் கூட்டணும்" என்று அடிச்சுப் பேசுவாங்க. அவங்க சொல்வது 1982க்கு முந்தின கணக்கு. அன்னைக்கு அதுதான் சரி.

மூணாவது ரொம்ப முக்கியம், ஜாதகம். தீபகற்பத்திலோ சிங்கப்பூரிலோ 1982க்கு முன்னே பிறந்தவர்களுக்கு, பிறப்புப் பத்திரத்திலோ அப்பா எழுதி வச்ச பழைய நோட்டிலோ இருக்கும் நேரம் பழைய 7.30 கணக்கு. அதை அப்படியே இன்றைய 8 மணிக் கணக்கில் போட்டால் ஜாதகம் அரை மணி நேரம் தவறும். ஒரு லக்கினம் சுமார் 2 மணி நேரம். அரை மணி தவறினால் ஒரு ராசியில் கால்பங்கு நகர்ந்துவிடும், ஓரத்தில் இருந்தால் லக்கினமே மாறும். நவாம்ச லக்கினம் 13 நிமிஷம் வாக்கில் மாறுவதால் அது நிச்சயம் தப்பும். 1942 முதல் 1945 வரை பிறந்த தாத்தா பாட்டிகளுக்கு எழுதின நேரம் தோக்கியோ நேரமா என்றும் பார்க்கணும்.

"லக்கினம் சரியில்லை, தோஷம் இருக்கு" என்று சொல்லக் கேட்டு மனசு உடைஞ்சு கோயிலுக்கு வருபவர்கள் உண்டு. பரிகாரத்துக்குப் பணம் கட்டும் முன்னே ஜோதிடரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஐயா, பழைய நேரக் கணக்கில்தானே போட்டீங்க?" போன் ஆப்பில் நீங்களே பார்த்தாலும் இதைக் கவனிங்க.

கடிகாரத்தை மாத்தலாமா கூடாதா என்று கேட்டால் எங்கள் கருத்து இதுதான். நாடு முழுக்க ஒரே நேரம் இருப்பது வேலைக்கும் வியாபாரத்துக்கும் நல்லது, அதில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கடிகாரம் அரசாங்கம் வைப்பது, உதயம் ஆண்டவன் வைப்பது. கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போவோம், சூரியனைப் பார்த்துச் சாமி கும்பிடுவோம். மலேசியாவுக்கென்றே கணித்த பஞ்சாங்கம் வாங்கி வீட்டில் வையுங்கள்.

வீட்டில் 1982க்கு முன்னே பிறந்தவங்க இருந்தா இதைக் கட்டாயம் படிச்சுக் காட்டுங்க. மத்தவங்களுக்கும் பகிருங்க.

 எல்லாருக்கும் நல்ல நேரம் அமையட்டும்.