காந்தளூர்ச் சாலையும் ஐஸ் ஹவுஸும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை அடுத்து வலியசாலை என்னும் பகுதி உள்ளது. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரமும், காந்தளூர் மகாதேவர் ஆலயமும் அங்கே இருக்கின்றன. சோழ மன்னன் முதலாம் இராஜராஜனின் கல்வெட்டுகளில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

சாலை என்றால் இங்கே நடைபாதையன்று. மாணாக்கர் தங்கி, உண்டு, பயிலும் கல்விக்கூடம். அது எவ்வாறு நடைபெற்றது என்பதை அறிய ஒரு செப்பேடு நமக்கு உதவுகிறது. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866-ஆம் ஆண்டையொட்டி, 95 மாணாக்கருக்கென ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கே அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. இலக்கணமும் மீமாம்சையும் மட்டுமல்லாது, மூன்று அரசுகளின் காரியங்களையும் நடத்துவதற்கேற்ற அறிவும் அங்குச் சேர்வோரிடம் எதிர்பார்க்கப்பட்டது. ஆகவே சாலை என்பது வேலைக்கு ஆயத்தம் செய்யும் இடமாகவும் விளங்கிற்று எனலாம்.

இராஜராஜன் காந்தளூரில் 'கலம் அறுத்த' செய்தியைப் பற்றி அறிஞரிடையே நெடுநாளாக வாதம் உண்டு. கலம் என்பது மரக்கலம் என்பர் ஒரு சாரார். உண்கலம், அதாவது சாலையில் உணவு பெறும் உரிமை என்பர் மற்றொரு சாரார். முடிவு எதுவாயினும், உண்கலம் என்று பொருள் கொள்ளவும் இடமிருக்கிறது என்பதே ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. படிப்பவனுக்குப் பாடம் மட்டும் போதாது. உறைவிடம் வேண்டும், உணவு வேண்டும், உடன் பயில்வோர் துணை வேண்டும். ஆண் மக்களுக்கு இவை மூன்றையும் அளிக்க மன்னர்கள் நிலம் விட்டனர். பெண் மக்களுக்கு அவ்வாறு அளித்தவர் யார்?

இவ்வினாவிற்கு விடை காண ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

சகோதரி சுப்பலட்சுமி 1886-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் முடிந்தது. சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். அந்நாளில் பிராமணக் குடும்பங்களில் இத்தகைய பெண்களின் கதி யாவரும் அறிந்ததே. எதிரே வந்தால் சகுனத் தடை. சுப காரியங்களில் இடமில்லை. சமையற்கட்டில் ஊதியமில்லாத உழைப்பு. சுப்பலட்சுமியின் பெற்றோர் மகளை அந்நிலைக்கு விட்டுவிட மனமின்றிப் படிக்க வைத்தனர். அவர் 1911-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தமக்கு வாய்த்தது பிற பெண்களுக்கும் வாய்க்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின் அவரை விட்டகலவில்லை.

அவர் காலத்தின் தேவையை நன்கு அறிந்திருந்தார். பெண்களுக்குப் பள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றில் கற்பிக்க ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மணமான பெண்ணோ வீட்டை விட்டு வெளியே வந்து பணியாற்ற இயலாது. எஞ்சியிருந்தவர்கள், சமுதாயம் வேண்டாதவர்கள் என்று ஒதுக்கிய இளம் விதவைகளே. ஒதுக்கப்பட்டவர்களையும் தேவைப்பட்ட பணியையும் ஒன்று சேர்த்ததுதான் அவருடைய அரும்பணி.

பம்பாயில் பண்டித ரமாபாய் 1889-ஆம் ஆண்டிலேயே சாரதா சதனத்தைத் தொடங்கியிருந்தார். புனாவில் கார்வே 1896-ஆம் ஆண்டில் விதவையர் இல்லம் அமைத்திருந்தார். சென்னையில் 1912-ஆம் ஆண்டில் சுப்பலட்சுமி சாரதா மாதர் சங்கத்தை நிறுவினார். எழும்பூரில் ஒரு வீட்டில், விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமிகளுடன், அவருடைய இல்லம் ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஆங்கில ஆட்சிக் கால அதிகாரி இதற்குப் பேராதரவு அளித்தார். அரசாங்கத்தின் உதவியும் கிட்டியது.

இங்கே ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். சுப்பலட்சுமியின் சித்தி வாலாம்பாளும் இளமையிலேயே கணவரை இழந்தவர். இல்லத்தின் அன்றாட நிர்வாகத்தை அவர் ஏற்றுக்கொண்டார். ஆசாரமிக்க குடும்பத்தார், 'எங்கள் பெண் யார் சமைத்ததை உண்பாள்? யார் காவலில் இருப்பாள்?' என்றே முதலில் கேட்பார்கள். பட்டம் பெற்ற ஒருவரால் மட்டும் அக்கேள்விக்கு மறுமொழி கூறிவிட முடியாது. சித்தி அங்கே இருந்ததே தக்க மறுமொழியாயிற்று. அறிவுத் துறையில் சுப்பலட்சுமியும் அகத்துறையில் சித்தியுமாக நின்றதால்தான், வாசற்படி தாண்டாத சிறுமிகள் பள்ளிப்படி ஏற முடிந்தது.

எண்ணிக்கை பெருகவே, இல்லம் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது அது. 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் அதே மாளிகையில் இளம் பெண்கள் பாடம் படித்தனர். அவர்களுள் பலர் ஆசிரியைகளாகித் தம் கால்களில் நின்றனர். 1922-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது, சுப்பலட்சுமியே அதன் தலைமையை ஏற்றார். பயின்றவர் பயிற்றுவிப்பவராகும் வழி இவ்வாறு நிலைபெற்றது.

குறையையும் கூறாமல் விடலாகாது. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கென்றே அமைந்தது. பழைய ஆசாரத்தோடு மோதாமல் அதனூடே வழி கண்டமையால் அதற்கு நம்பிக்கை கிடைத்தது. அதே காரணத்தால் அதன் கதவு ஒரு சாராருக்கு மட்டுமே திறந்திருந்தது. அந்த எல்லையைப் பின் வந்தவர்கள் விரித்தனர். சுப்பலட்சுமி பிறந்த அதே 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1930-ஆம் ஆண்டில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். சாதி பாராமல் ஆதரவற்ற சிறுமியருக்கு அங்கே இடம் கிடைத்தது.

இவ்வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 1998-ஆம் ஆண்டில் கேரள அரசு குடும்பஸ்ரீ இயக்கத்தைத் தொடங்கியது. அண்டை வீட்டுப் பெண்கள் 10 முதல் 20 பேர் வரை அயல்கூட்டமாகக் கூடிச் சிறு சேமிப்புச் செய்கின்றனர், கடன் பெறுகின்றனர், தொழில் பழகுகின்றனர். இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் உறுப்பினர். 2017-ஆம் ஆண்டில் கொச்சி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, நிலையங்களில் சீட்டு வழங்குதல் முதலான பணிகளை ஏற்றவர்களும் இவர்களே.

வருங்கால வேலைகள் எவ்வாறிருக்கும் என்று இன்று பலரும் கவலையோடு பேசுகின்றனர். கருவிகள் மாறுகின்றன, பழைய உத்தியோகங்கள் மறைந்து புதியன தோன்றுகின்றன. புதிய தொழிலைக் கற்பிக்க வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும் பெண்ணொருத்தி அவ்வகுப்புக்குச் செல்லும் நேரத்தில் அவள் குழந்தையை யார் பார்ப்பது, கற்கும் மாதங்களில் அடுப்பு எதனால் எரிவது, இரவில் திரும்பும்போது உடன் வருபவர் யார் என்னும் வினாக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1912-ஆம் ஆண்டில் இவ்வினாக்களுக்குச் சுப்பலட்சுமியும் அவருடைய சித்தியும் சேர்ந்து விடை கண்டனர். நம் தெருவில் கற்க விரும்பும் பெண் ஒருத்தி இருந்தால், அவளுக்கு அறிவுரை கூறுவதற்கு முன், அவள் வகுப்புக்குச் சென்று திரும்பும்வரை அவள் வீட்டுப் பொறுப்பில் ஒன்றையேனும் நாம் ஏற்றுக்கொள்ளலாம்.