உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை (திருச்சி வட்டாரம், தமிழ்நாடு)

எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒன்பதிலும், பத்து முடித்தபின் பிளஸ் ஒன்னிலும் இடம் கிடைப்பதையும், அதற்கு அரசு எந்த அளவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதையும் பற்றிய வரலாறு இது.

திருச்சியில் உயர்நிலைக் கல்வியைத் தொடங்கிவைத்தவர்கள் பெரும்பாலும் மிஷன்களும் தனியார் சபைகளும்தான். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்வி நிறுவனம் 1883இல் திருச்சிக்கு வந்தது. நேஷனல் பள்ளி 1886இல் எழுந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள சமயபுரத்துப் பிள்ளை திருச்சிப் பள்ளிக்கு வர இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும்.

காமராஜர் ஆட்சியில் (1954-63) ஊர்தோறும் பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது, கட்டணமில்லாக் கல்வி உயர்நிலை வகுப்புகளையும் எட்டியது. 1978இல் பிளஸ் டூ பள்ளிகளுக்கு வந்தபின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அடுத்த வாசலாயிற்று. நடுநிலைப் பள்ளியை உயர்நிலையாக்க 1 லட்சம், உயர்நிலையை மேல்நிலையாக்க 2 லட்சம் ரூபாய் என ஊர்மக்கள் பங்குத் தொகை கட்டும் வழக்கமும் இருந்தது. வசூலிக்க முடியாத ஊர்ப் பிள்ளைகள் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். இது நியாயமே இல்லை. அரசு செய்ய வேண்டிய வேலைக்கு ஏழை ஊர் முன்பணம் கட்டியது. 2009இல் வந்த மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம் 5 கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதை இலக்காக வைத்தது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கான இலவச சைக்கிளும் பஸ் பாஸும் தூரத்தைக் குறைத்தன.

அதே 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு; கட்டணத்தை அரசு ஈடுகட்டும்; விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். மத்திய நிதி நிறுத்தப்பட்டதால் 2025-26 சேர்க்கை கோடையில் தொடங்கவே இல்லை. புதிய கல்விக் கொள்கையை ஏற்பதோடு இந்த நிதியை முடிச்சுப் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று கைகாட்டிய அந்த மாதங்களுக்கு விலை கொடுத்தவர்கள் பெற்றோர்.

உயர்நிலைக் கல்வியில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2013இல் இந்த 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்கேஜியில் சேர்ந்த பிள்ளைகள் 2023இல் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். அதே பள்ளி, அதே வகுப்புத் தோழர்கள். ஆனால் ஒன்பதில் உட்காரச் சட்டம் துணை வராது, முழுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும். பாக்கி இருந்தால் டி.சி.யைக் கையில் தராமல் இழுத்தடிப்பது தனியார் பள்ளிகள் பலவற்றின் வழக்கமாக இருந்தது. டி.சி. கட்டண வசூலுக்கான கருவி அல்ல, அதில் பாக்கியைக் குறிக்கவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினான்கு வயதில் பள்ளி மாறும் பிள்ளைக்கு இன்று கையில் இருக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் இந்தத் தீர்ப்பும் அரசாணைகளும்தான்.