பழைய கம்ப்யூட்டர், புது ஹார்டு டிஸ்க், நடுவில் ஒரு சுவர்

1994, 95 வாக்கில் 486 கம்ப்யூட்டர் வைத்திருந்த பலருக்கும் ஒரே மாதிரி அனுபவம் கிடைத்தது. விண்டோஸும் விளையாட்டுகளும் வீங்கிக்கொண்டே போனதில் பழைய ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்தது. புது கம்ப்யூட்டருக்குக் காசு இல்லை. ஒரு 850 எம்பி டிஸ்க் மட்டும் வாங்கி மாட்டினார்கள். கேபிள் சரியாகப் பொருந்தியது, டிஸ்க்கும் சுழன்றது. ஆனால் திரையில் தெரிந்த கொள்ளளவு 504 எம்பி! (ஒரு எம்பி-யைப் பத்து லட்சம் பைட்டாக எண்ணும் டிஸ்க் கம்பெனிகளின் கணக்கில் இது 528 எம்பி.) மீதிக்குக் கொடுத்த பணம் போன இடம் தெரியவில்லை. கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. அந்த 504 என்ற எண் பத்து வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது. ஃப்ளாப்பி, இல்லையென்றால் கேசட். அதன் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸ் சிப்புக்கு முந்தைய சிப் இருந்தால், கூடுதல் கார்டில் உள்ள நிரலை அது தேடிக்கூடப் பார்க்காது. ஆக அந்த மெஷினில் ஹார்டு டிஸ்க் மாட்ட நினைத்தவர் சிப்பையும் மாற்ற வேண்டும், பல சமயம் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். 1985-ல் பிளஸ் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் 10 எம்பி டிஸ்க்கையும் அதன் கன்ட்ரோலரையும் ஒரே கார்டில் வைத்து 'ஹார்டுகார்டு' என்று விற்றது. ஸ்லாட்டில் செருகினால் போதும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வரம்!

1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் எக்ஸ்டி-யில்தான் 10 எம்பி டிஸ்க் கூடவே வந்தது. பிரச்சினையும் கூடவே வந்தது. டிஸ்க்கில் ஒரு தகவலை எடுக்க மூன்று எண்கள் வேண்டும்: எந்த சிலிண்டர், எந்த ஹெட், எந்த செக்டார். பயாஸ் இந்த மூன்றையும் 24 பிட்டுக்குள் அடக்கியது. சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டாருக்கு 6. அதாவது 1024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டார் வரை. எக்ஸ்டி-யில் இருந்த டிஸ்க்குக்கு 306 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டார்தான். அப்போது இதைப் பார்த்த யாரும் ஐபிஎம் கஞ்சத்தனம் செய்தது என்று சொல்லியிருக்க முடியாது.

டிஸ்க் பக்கம் வேறொரு கணக்கு ஓடியது. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி-யின் கன்ட்ரோலர் வழியில் ஐடிஇ டிஸ்க்குகள் உருவாயின. அதில் சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4, செக்டாருக்கு 8. தனியாகப் பார்த்தால் இது கிட்டத்தட்ட 137 ஜிபி வரை தாங்கும். பயாஸ் கணக்கு தனியாக 8.4 ஜிபி தாங்கும். இரண்டும் தாராளம்தான். சேர்ந்தபோதுதான் வினை.

ஒரு அலுவலகப் படிவத்தில் தெரு எண்ணுக்கு நான்கு கட்டம், கதவு எண்ணுக்கு இரண்டு. இன்னொரு அலுவலகத்தில் தெருவுக்கு இரண்டு, கதவுக்கு நான்கு. ஒரே விண்ணப்பம் இரண்டு மேசையையும் தாண்ட வேண்டும் என்றால் இரண்டுக்குமே இரண்டு கட்டத்துக்குள் எழுதியாக வேண்டும். அதே கதைதான் இங்கேயும். சிலிண்டர் 1024 (பயாஸ் வரம்பு), ஹெட் 16 (ஐடிஇ வரம்பு), செக்டார் 63 (பயாஸ் வரம்பு). செக்டாருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 52,84,82,304 பைட். அதுதான் 504 எம்பி.

வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பொய்தான் அந்த வழி! புது பயாஸ், டிஸ்க்கில் ஹெட் அதிகம், சிலிண்டர் குறைவு என்று டாஸிடம் சொல்லும். உள்ளே கணக்கை மாற்றிக்கொள்ளும். பழைய மதர்போர்டு வைத்திருந்தவர்களுக்கு 'டிஸ்க் மேனேஜர்', 'ஈஸி டிரைவ்' போன்ற மென்பொருள்கள் டிஸ்க்கின் முதல் தடத்தில் உட்கார்ந்து அதே பொய்யைச் சொல்லின. டிஸ்க்கோடு ஒரு ஃப்ளாப்பியில் இவற்றைக் கொடுத்தே விற்றார்கள். செலவில்லாத தீர்வு என்றாலும் ஆபத்தான தீர்வு. வைரஸ் வந்தால் எஃப்டிஸ்க் கட்டளையால் துவக்கப் பகுதியைப் புதிதாக எழுதச் சொல்வது அன்றைக்கு வழக்கம். அப்படிச் செய்தால் இந்த மென்பொருளும் சேர்ந்து அழிந்துபோகும். ஃபைல்கள் அத்தனையும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டரால் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. வேறு மாதிரி பொய் சொல்லும் இன்னொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலும் இதே கதிதான்.

அடுத்தடுத்து சுவர்கள் வந்தன. ஃபேட்16-ல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபி-யைத் தாண்டாது. அதிலும் 1 ஜிபி-க்கு மேற்பட்ட பார்ட்டிஷனில் நான்கு வரிக் கடிதம்கூட 32 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பில் ஃபேட்32 வந்து இதைத் தீர்த்தது. பிறகு 8.4 ஜிபி சுவர். அதற்குப் பிறகு சில பயாஸ்கள் 32 ஜிபி-க்கு மேல் பார்த்தால் அப்படியே உறைந்து நின்றன. டிஸ்க் கம்பெனிகள் இதற்காகவே ஒரு ஜம்பர் வைத்தன. அதைப் போட்டால் டிஸ்க் தன்னை 32 ஜிபி என்று குறைத்துச் சொல்லும். காசு கொடுத்து வாங்கிய இடத்தைத் தன் கையாலேயே மறைத்துவைக்க வேண்டிய நிலைமை!

இதுவரை வந்த சுவர்களில் பெரும்பாலும் இழப்பு இடம்தான். 137 ஜிபி சுவர் அப்படியல்ல. அதற்குள் மூன்று எண் முறை போய், செக்டார்களை வரிசையாக எண்ணும் எல்பிஏ முறை வந்திருந்தது. ஆனால் அந்த வரிசை எண்ணுக்கும் 28 பிட்தான். 26,84,35,456 செக்டார், அவ்வளவுதான். 2001-ல் மேக்ஸ்டர் 160 ஜிபி டிஸ்க்கைக் கொண்டுவந்தபோது 48 பிட் முறையும் வந்தது. ஆனால் அதே 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்கு அந்த முறை சரியாகத் தெரியாது. 2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1 வேண்டும்.

160 ஜிபி முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாகப் போட்டவர், பிறகு ஒருநாள் பழைய எக்ஸ்பி சிடியாலோ வேறு பழைய டிரைவராலோ அதே டிஸ்க்கை இயக்கினால் என்ன ஆகும்? மாதக்கணக்கில் ஒன்றுமே ஆகாமல் போகலாம். டிஸ்க் நிரம்பி 137 ஜிபி-யைத் தாண்டி எழுதும் நாளில், எண்ணின் மேல் பிட்டுகள் உதிர்ந்து, கடைசியில் எழுத வேண்டியது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். பார்ட்டிஷன் அட்டவணையும் ஃபைல்களின் பட்டியலும் இருக்கும் இடம் அதுதான். எந்த எச்சரிக்கையும் வராது. பேரேடு முடிந்துவிட்டது என்று தெரியாமல் கணக்குப்பிள்ளை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தது போல. சேமித்த படமும் பாட்டும் கணக்கும் போன பிறகுதான் விஷயம் தெரியும். இடம் குறைகிறதே என்று புலம்பவைத்த 504 எம்பி சுவர் இதற்கு எவ்வளவோ தேவலை.

2010-ல் 3 டெராபைட் டிஸ்க் வந்தபோது பார்ட்டிஷன் அட்டவணையின் 32 பிட் எண் வழியை மறித்தது. அதன் எல்லை 2.2 டெராபைட். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 3 டெராபைட் டிஸ்க்கோடு ஒரு கன்ட்ரோலர் கார்டையும் பெட்டியில் வைத்தே விற்றது. கார்டு இல்லாமல் பழைய டிரைவர் உள்ள கம்ப்யூட்டரில் அப்படியொரு டிஸ்க்கை மாட்டியவர்களுக்குத் திரையில் தெரிந்தது 746 ஜிபி.