திரைக்குப் பின்னால ஒரு இடம்: முத்துலட்சுமி ரெட்டியும், ஸ்கூலுக்குத் திரும்புற பிள்ளைகளும்

(எபிசோடின் பேச்சு, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கேட்டது எங்க அக்கா பொண்ணு. ஒன்பது வயசு, அறந்தாங்கிப் பக்கம் வீடு. ரத்தப் புற்றுநோய்க்கு ரெண்டு வருஷத்துக்கு மேல சிகிச்சை எடுத்துட்டு, இந்த ஜூன்ல திரும்ப ஸ்கூலுக்குப் போகப் போறா. யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தாச்சு, பையும் வாங்கியாச்சு. போன வாரம் வீடியோ கால்ல கேட்டா: "மாமா, என்னைய தனியா உக்கார வைப்பாங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லடா"ன்னு சொல்லிட்டேன். ஃபோனை வச்ச அப்புறம்தான் உறைச்சுது, நான் சொன்னது பொய்யாக்கூட இருக்கலாம்னு. ஏன்னா என்னைய உக்கார வச்சாங்க.

ஏழாவது படிக்கும்போது எனக்கு ருமாட்டிக் காய்ச்சல். சாதாரணத் தொண்டை வலியில ஆரம்பிச்சு, மூட்டு மூட்டா வீங்கி, கவனிக்காம விட்டா இதய வால்வையே கெடுத்துடுற வியாதி. நாலு மாசம் வீட்டுல படுக்கை. அதுக்கப்புறம் 21 நாளைக்கு ஒரு தடவை இடுப்புல பென்சிலின் ஊசி. ஊசி போட்டவங்களுக்குத் தெரியும், அன்னைக்கு நடக்கவே முடியாது. திரும்ப ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு, வாசல் ஓரமா எனக்குன்னு தனி நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. "யாரும் இவன் மேல இடிச்சுடாதீங்கடா"ன்னு கிளாஸுக்கே ஒரு உத்தரவு. பி.டி. பீரியடுக்கு நான் பைகளுக்குக் காவல். யாருமே கெட்டவங்க இல்ல. எல்லாரும் அன்பாத்தான் நடந்துகிட்டாங்க. ஆனா அந்த வருஷம் முழுக்க என் பேர் அட்டெண்டன்ஸ்ல இருந்துச்சு, நான் கிளாஸ்ல இல்ல.

நம்ம ஊர்ல இதே மாதிரி ஒரு தனி இடத்துல உக்காந்து படிச்ச ஒரு பொண்ணோட கதைதான் இன்னைக்கு.

1904, புதுக்கோட்டை

அப்போ புதுக்கோட்டை ஒரு சமஸ்தானம். ராஜா, மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அவர் பட்டத்துக்கு வந்த 1886லதான் முத்துலட்சுமியும் பிறந்தாங்க. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில பிரின்சிபாலா இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபுல வந்தவங்க. இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவோட சொந்தக்காரங்க அவரை ஒதுக்கியே வச்சுட்டாங்க.

முத்துலட்சுமி ஸ்கூலுக்குப் போனாங்க, நல்லா படிச்சாங்க. பெரியவளானதும் அந்தக் கால வழக்கப்படி ஸ்கூல் நின்னு போச்சு. இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன்: அவங்க நோயால நின்னவங்க இல்ல, ஊர் வழக்கத்தால நின்னவங்க. ஆனா நின்ன படிப்பு எப்படித் தொடர்ந்துச்சு, அவங்க எப்படித் திரும்பப் போனாங்கங்கறதுதான் நமக்கு முக்கியம்.

முதல் விஷயம், வீட்டுல படிப்பு நிக்கல. அப்பா ஏற்பாட்டுல வீட்டுலயே பாடம் நடந்துச்சு. 1902ல மெட்ரிக் பாஸ் பண்ணாங்க. அதுக்கப்புறம் மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம். அங்கதான் பிரச்சினை. அது பையன்கள் படிக்கிற காலேஜ். ஒரு பொண்ணு வந்தா பசங்க கெட்டுப் போவாங்கன்னு எதிர்ப்பு, அதுலயும் அம்மாவோட குலத்தைச் சொல்லி எதிர்ப்பு. ராஜா அதையெல்லாம் தள்ளி வச்சுட்டு, மூணு மாசம் சோதனை முறையில சேர்த்துக்கச் சொன்னார். உதவித்தொகையும் குடுத்தார்.

சேர்த்தாச்சு. ஆனா எப்படி? மூடின வண்டியில வரணும். கிளாஸ்ல பையன்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு திரை. பாடம் காதுல விழும், கிளாஸ் கண்ணுல படாது. என் ஆபீஸ் பாஷையில சொன்னா, லாகின் ஐடி குடுத்தாச்சு, அக்சஸ் குடுக்கல.

அந்தத் திரையைக் கட்டினவங்ககிட்ட கேட்டா, அந்தப் பொண்ணோட பாதுகாப்புக்காகத்தான்னு சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணும். என் தனி நாற்காலிக்கும் அதே காரணம்தானே.

அதே 1904, பெர்லின் பக்கம்

அதே வருஷம், ஆகஸ்ட் மாசம், ஜெர்மனியில பெர்லினை ஒட்டி இருந்த சார்லட்டன்பர்க்ல ஒரு புது மாதிரிப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. பேரே காட்டுப் பள்ளி. காசநோய் வந்துடுமோன்னு பயப்படுற அளவுக்கு நோஞ்சானா இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கானது. ஆரம்பிச்சவங்க ஒரு பள்ளிக் கல்வி அதிகாரியும் ஒரு குழந்தை மருத்துவரும். பைன் மரக் காட்டுக்குள்ள வகுப்பு. சின்னச் சின்ன வகுப்புகள். பாடவேளை சுமார் அரை மணி நேரம்தான், நடுவுல இடைவெளி. சத்தான சாப்பாடு. சாப்பிட்டதும் படுத்து ஓய்வு எடுக்கிறது கால அட்டவணையிலேயே இருந்துச்சு. கொஞ்ச வருஷத்துல இங்கிலாந்து, அமெரிக்கான்னு இந்த யோசனை பரவிடுச்சு.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. புதுக்கோட்டையில கால அட்டவணை, கட்டடம், விதி எதுவுமே மாறல. பிள்ளையைச் சுத்தி ஒரு துணி வந்துச்சு, அவ்வளவுதான். சார்லட்டன்பர்க்ல பிள்ளையோட உடம்புக்கு ஏத்த மாதிரி பள்ளிக்கூடம் தன்னை மாத்திக்கிச்சு. காட்டுப் பள்ளிக்கும் ஒரு குறை உண்டு. அதுவும் பிள்ளைகளைத் தனியாத்தான் வச்சுச்சு. ஆனாலும் அரை மணி நேரப் பாடம், நடுவுல ஓய்வுங்கற யோசனைக்கு வயசு 120 தாண்டிடுச்சு. இன்னைக்கும் நம்ம ஸ்கூல்ல போய்க் கேட்டா, "அப்படியெல்லாம் ரூல் இல்லைங்க"ன்னு பதில் வரும்.

திரைக்கு இந்தப் பக்கம் வந்ததும்

முத்துலட்சுமி 1907ல சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்து, 1912ல டாக்டரா வெளிய வந்தாங்க. அவங்க சேர்ந்த அதே 1907லதான் இங்கிலாந்துல பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை பண்றதைச் சட்டமாக்கினாங்க. இந்தியாவுல 1909ல பரோடாவுல அது ஆரம்பிச்சுது.

1920கள்ல அவங்க மேல்படிப்புக்காக இங்கிலாந்து போயிட்டு வந்து, சென்னை மாகாணச் சட்டமன்றத்துல உறுப்பினர் ஆனாங்க. பிரிட்டிஷ் இந்தியாவுல சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண். தேவதாசி ஒழிப்புக்காக அவங்க போராடினது நம்ம பாடப் புத்தகத்துலயே இருக்கு. அதிகம் பேசப்படாத ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, நகராட்சி மாதிரி உள்ளாட்சி அமைப்புகள் நடத்துற பள்ளி, கல்லூரி எல்லாத்துலயும் மாணவர்களுக்கு முறையா மருத்துவப் பரிசோதனை வேணும்னு பரிந்துரை பண்ணாங்க. இன்னொண்ணு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேணும்னு சட்டமன்றத்துல ஒருமனதாத் தீர்மானம் வர வச்சாங்க. அரசாங்கம் அதை ஏத்துக்கிட்டு, மகப்பேறு மருத்துவமனையில குழந்தைகள் பிரிவு திறந்துச்சு.

பிள்ளையோட உடம்பு வேற டிபார்ட்மெண்ட், படிப்பு வேற டிபார்ட்மெண்ட்னு அவங்க பிரிக்கல. போர்டு தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி குடுக்காம அதை மக்குன்னு சொல்றோம். ரத்தசோகையில கிளாஸ்ல தூங்குற பிள்ளையைச் சோம்பேறின்னு சொல்றோம். டாக்டர் ஸ்கூலுக்கு வந்தா இந்தத் தப்புல பாதி குறையும்.

ஒரு புதுப் பிரச்சினை

1923ல முத்துலட்சுமியோட தங்கச்சி புற்றுநோயில இறந்து போனாங்க. சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்த நோய் அது. அந்த வலி 1954ல ஒரு கட்டடமா நின்னுச்சு: அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஆரம்பிச்சப்போ 12 படுக்கை. அவங்க மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தாங்க. 1960ல குழந்தைகளுக்குன்னு தனிப் பிரிவு வந்துச்சு. 1984ல ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கான ஒரு புது சிகிச்சை முறையை மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ், அடையாறு மூணும் கையில எடுத்தாங்க. பிழைக்கிற பிள்ளைகளோட எண்ணிக்கை நல்லா ஏறுச்சு.

எனக்கு இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் ஒண்ணு புரிஞ்சுது. முத்துலட்சுமி காலத்துல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை ஸ்கூலுக்குத் திரும்புறதுங்கற கேள்வியே கிடையாது. அந்தக் குழந்தை திரும்பவே வராது. ருமாட்டிக் காய்ச்சலும் பென்சிலின் வர்ற வரைக்கும் பல பிள்ளைகளோட இதயத்தை முடக்கிடுச்சு. அதாவது எங்க அக்கா பொண்ணோட கேள்வி ரொம்பப் புதுக் கேள்வி. மருத்துவம் அவளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுடுச்சு. உள்ள போற வழியைத்தான் நாம இன்னும் சரி பண்ணல.

சட்டத்துல வழி இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, படிப்பு விட்டுப் போன பிள்ளையை வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்க்கணும், விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் குடுக்கணும். எட்டாவது முடிக்கிற வரைக்கும் ஸ்கூலை விட்டு அனுப்பக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை பண்ற தேசியத் திட்டம் 2013ல இருந்து இருக்கு.

எங்க சொந்தக்காரங்க என்னடான்னா, "ரெண்டாவதுலயே போடுங்களேன், பாவம் பிள்ளைக்குச் சுமை"ன்னு சொன்னாங்க. அக்கா ஒத்துக்கல. அவ வயசுப் பிள்ளைங்க நாலாவதுல இருக்காங்க, இவளும் நாலாவதுதான்னு நின்னுட்டா. சரின்னுதான் நானும் சொல்வேன். கணக்கைச் சனிக்கிழமை சொல்லிக் குடுத்துடலாம். கூட்டாளிகளைச் சனிக்கிழமை சொல்லிக் குடுக்க முடியாது. உண்மையைச் சொல்லணும்னா, டாக்டர் போன வருஷமே போகலாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுலதான் பயந்து நிறுத்தி வச்சோம். அந்தத் திரை நாங்க கட்டினது.

இப்போ அக்கா ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பார்த்துட்டு வந்தா. கையில டாக்டர் லெட்டர். என்ன பண்ணக் கூடாதுங்கறதோட, என்னெல்லாம் பண்ணலாம்னும் அதுல எழுதி வாங்கியிருந்தா. விளையாடலாம், வெயில்ல ரொம்ப நேரம் வேணாம், காய்ச்சல் வந்தா உடனே ஃபோன் பண்ணணும், கிளாஸ்ல யாருக்காவது அம்மை போட்டிருந்தா அன்னைக்கே சொல்லணும். முதல் ரெண்டு வாரம் அரை நாள். முடி ஏன் குட்டையா இருக்குன்னு மத்த பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றதுன்னு, மிஸ் முடிவு பண்ண மாட்டாங்க, அவ முடிவு பண்ணுவா. ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாங்களாம். பார்ப்போம்.

நான் திரும்ப அவளுக்கு ஃபோன் பண்ணேன். "மாமா அன்னைக்குச் சொன்னது முழு உண்மை இல்லடா. ஒருவேளை தனியா உக்கார வச்சாலும் வைப்பாங்க. அப்படி வச்சா, உன் பக்கத்துல யாரு உக்காரணும்னு நீயே பேர் சொல்லு"ன்னேன்.

யோசிக்கவே இல்ல. டக்குனு ரெண்டு பேர் சொன்னா. அப்புறம், "மாமா, பெஞ்சுல மூணு பேர் உக்காரலாம்ல?"

உக்காரலாம். அக்காகிட்ட சொல்லி, அந்த நோட்டுல இதையும் எழுத வைக்கணும்.