பெயர்ப் பட்டியலின் வரலாறு: ஐரோப்பிய வேளாண் மானியமும் பயனாளிகளை அறியும் உரிமையும்

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1962இல் நடைமுறைப்படுத்தத் தொடங்கிய பொது வேளாண் கொள்கை, முதல் முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் விலையின் வழியாகவே உழவரைத் தாங்கியது. அதாவது, கோதுமை, வெண்ணெய் போன்றவற்றின் சந்தை விலை குறித்த அளவுக்குக் கீழே இறங்கும்போது அவை பொதுப்பணத்தில் கொள்முதல் செய்யப்பட்டன, மிஞ்சியதை வெளிநாட்டுக்கு விற்ற வணிகருக்கு விலை வேறுபாடு ஈடுசெய்யப்பட்டது. நுகர்வோர் கொடுத்த கூடுதல் விலைக்குள்ளேயே மானியம் கரைந்து கிடந்த அக்காலத்தில், ஒவ்வோர் உழவருக்கும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று சொல்லும் கணக்கு எழவில்லை. பயனாளிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டன என்பதைவிட, மறைப்பதற்கு முழுமையான பட்டியலே இல்லை என்பதுதான் பொருந்தும்.

வேளாண் ஆணையர் ரே மெக்ஷாரியின் பெயரால் அறியப்படும் 1992ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆதரவு விலையைக் குறைத்து, அந்த இழப்புக்கு ஈடாகச் சாகுபடிப் பரப்பையும் கால்நடை எண்ணிக்கையையும் கணக்கிட்டு உழவருக்கு நேரடியாகப் பணம் வழங்க வழிசெய்தது. விண்ணப்பமும் நில அளவும் வங்கிக் கணக்கும் இவ்வாறுதான் அலுவலகக் கோப்புகளுக்குள் வந்தன. பட்டியலைப் பிறப்பித்தது வெளிப்படைத்தன்மை பற்றிய வேட்கை அன்று, மானியத்தின் வடிவ மாற்றமே. 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இத்தொகையின் பெரும்பகுதியை விளைச்சலிலிருந்து பிரித்துவிட்டதால், எவ்வளவு விளைவித்தாலும் கிடைக்கும் இப்பணம் யாருக்காக என்ற கேள்வி வலுத்தது.

முதலில் வழிதிறந்தது டென்மார்க். அங்கே இதழியலாளர்களின் முயற்சியால் 2004இல் விவரங்கள் வெளிவந்தன. பிரிட்டனில் தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே வெளியான பட்டியலில், சிறு பண்ணையாளர்களோடு அரசியின் சாண்ட்ரிங்காம் பண்ணையும் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனும் டேட் அண்ட் லைல் சர்க்கரை நிறுவனமும் இடம்பெற்றிருந்தன. அதே ஆண்டு இந்தியா இயற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டப் பயனாளிகளின் விவரங்களை எவரும் கேளாமலே வெளியிடும் கடமையை அரசு அலுவலகங்கள்மீது வைத்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

ஐரோப்பிய ஆணையத்தின் 259/2008 எண் ஒழுங்குவிதி, ஒவ்வொரு பயனாளியின் பெயர், ஊராட்சி, அஞ்சல் குறியீடு, பெற்ற தொகை ஆகியவற்றை ஆண்டுதோறும் இணையத்தில் வெளியிடும்படி உறுப்பு நாடுகளைப் பணித்தது. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு பண்ணைக் கூட்டாண்மையும் ஒரு முழுநேர உழவரும் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தை எட்டியது. 2010 நவம்பர் 9 அன்று வந்த தீர்ப்பு, வரிப்பணம் செல்லும் வழியை மக்கள் அறிவது நியாயமான நோக்கமே என்று ஏற்றது. ஆயினும், உதவியின் அளவையோ காலத்தையோ பாராமல் தனிமனிதர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து வெளியிட்டது, நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக்கூடாது என்னும் விகிதப் பொருத்தக் கோட்பாட்டுக்கு முரணானது என்று கூறி, தனிமனிதரைப் பொறுத்தவரை அவ்விதிகளைச் செல்லாதவையாக்கியது. நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிட்டவில்லை. வெளியிடலாமா என்ற கேள்வி இதன்பின் எந்த அளவுக்கு வெளியிடலாம் என்பதாக மாறியது.

அதற்கு விடையாக வந்த 1306/2013 எண் ஒழுங்குவிதி தனிமனிதரின் பெயர்களை மீண்டும் பட்டியலில் சேர்த்தது. சிறு உழவர் திட்டத்தின் உச்சவரம்பான 1250 யூரோவுக்கு மேற்படாத தொகை பெறுவோருக்கு மட்டும் பெயருக்குப் பதிலாகக் குறியீடு இட்டது. பயனாளிகள் மிகச் சிலரே உள்ள சிற்றூரில் ஊர்ப்பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அத்தகைய இடங்களில் அடுத்த பெரிய நிர்வாகப் பகுதியின் பெயரைக் குறிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. கிராம வாழ்வை அறிந்தவர் எழுதிய விதி இது. காலவரம்பில் அத்தகைய நிதானம் தென்படவில்லை. ஆண்டுதோறும் மே 31க்குள் வெளியாகும் இவ்விவரங்கள் இணையத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தால் போதும் என்பதே விதியாதலால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கை ஒப்பிட விழைவோர் இன்றும் தன்னார்வலர்கள் சேமித்துவைத்த படிகளையே நாடவேண்டியிருக்கிறது.