ஏரியில் கலந்த மருந்து எங்கே போனது?

மழைக்காலம் வந்தால் கொசு மருந்து வண்டி எப்போது வரும் என்று கேட்காதவர் நம் நகரில் இல்லை. அடித்த மருந்து பிறகு எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்க வைத்த ஓர் ஏரியின் கதை இது.

கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிறது கிளியர் லேக். பெயர்தான் தெளிந்த ஏரி, தண்ணீர் கலங்கல். கரையில் வீடு கட்டியவர்களுக்கும் மீன் பிடிக்க வந்தவர்களுக்கும் ஒரு சின்னப் பூச்சி தொல்லையாக இருந்தது. பார்க்கக் கொசு போலிருக்கும், கடிக்காது. கூட்டமாக வந்து மொய்க்கும், அவ்வளவுதான். (நம்மூர்க் கொசுவைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ!)

1949-இல் ஏரியில் ஒரு மருந்தைக் கலந்தார்கள். நமக்குத் தெரிந்த டி.டி.டி.யின் தங்கை அது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மட்டும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அளவும் சொற்பம்: 7 கோடிப் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. பூச்சி ஒழிந்தது, பிறகு திரும்பி வந்தது. 1954-இலும் 1957-இலும் மறுபடி கலந்தார்கள், இம்முறை 5 கோடிக்கு 1.

1954-ஐ அடுத்த குளிர்காலத்தில் முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கு மேல் செத்து மிதந்தன. தொற்று நோயோ என்று தேடினார்கள்; ஒன்றும் அகப்படவில்லை. 1957-க்குப் பிறகும் பறவைகள் செத்தன. அப்போதுதான் அவற்றின் கொழுப்பைச் சோதித்தார்கள். பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து இருந்தது! அதாவது 625-க்கு 1. தண்ணீரில் கலந்ததைப் போல 80,000 மடங்கு. வங்கியில் இப்படி ஒரு வட்டி விகிதத்தை நான் கண்டதில்லை.

தண்ணீரைச் சோதித்தால் மருந்தே இல்லை. கணக்கில் இருப்பு பூஜ்யம். ஆனால் தொகை வேறு கணக்குக்கு மாறியிருந்தது. இந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். எளிதில் சிதையவும் சிதையாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஏறியது, அவற்றைத் தின்ற சிறு மீனுக்கு, அதைத் தின்ற பெரிய மீனுக்கு, கடைசியில் பறவைக்கு. ஒவ்வொரு படியிலும் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆயிரம் ஜோடி முக்குளிப்பான்கள் கூடு கட்டிய ஏரியில் 1960-இல் மிஞ்சியவை சுமார் 30 ஜோடி. ஹன்ட், பிஷாஃப் என்ற இருவர் அந்த ஆண்டு இதையெல்லாம் அறிக்கையாக வெளியிட்டார்கள். 1962-இல் ரேச்சல் கார்சன் தம் நூலில் எழுதிய பிறகே ஊர் உலகத்துக்குத் தெரிந்தது.

இன்று புகையாக அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் வெயிலில் சீக்கிரம் சிதைபவை. ஆனால் குளத்தில் விழுந்தால் மீனுக்கு ஆகாது. அடுத்த முறை வண்டி வரும்போது மருந்தின் பெயர், அளவு, அடித்த இடம் மூன்றையும் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் போதும்.